அபாச்சியில் ஆத் மாட்யூல் லோட் ஆகவில்லையா? இஃப்மாட்யூல் போட்டு மூடாதீர்கள்

ரீஸ்டார்ட் கொடுத்தால் அபாச்சி வெப் சர்வர் எழவே இல்லை, ஆத் மாட்யூலை (பாஸ்வேர்ட் கேட்டு ஆளைச் சரிபார்க்கும் துணைப்பகுதி) லோட் செய்ய முடியவில்லை என்று ஒரு வரி வருகிறது. உடனே பலர் கான்ஃபிக்கில் அதை ஏற்றச் சொல்லும் லோட்மாட்யூல் வரிக்கு முன்னால் ஹேஷ் போட்டு முடக்கிவிடுகிறார்கள், அப்புறம் ஆத் வரிகள் ஒவ்வொன்றும் 'இன்வேலிட் கமாண்ட்' என்று அடம்பிடிக்க, அவற்றை மொத்தமாக இஃப்மாட்யூலுக்குள் (மாட்யூல் லோட் ஆகியிருந்தால் மட்டும் படிக்கப்படும் பகுதி) தள்ளிவிடுகிறார்கள். சர்வர் எழுந்துவிடும், ஆனால் மாட்யூல் இல்லாததால் அந்தப் பகுதியை அபாச்சி சத்தமில்லாமல் தாண்டிப் போகும், யாரை உள்ளே விடலாம் என்று சொல்லும் ரிக்வயர் வரியும் அதற்குள்தானே இருக்கிறது, மேலே எங்காவது 'ரிக்வயர் ஆல் கிராண்டட்' (எல்லோரையும் விடு) இருந்தால் நேற்றுவரை பாஸ்வேர்ட் கேட்ட ஃபோல்டர் இன்று எல்லோருக்கும் திறந்து கிடக்கும். எர்ரர் லாகிலும் ஒரு வார்த்தை இருக்காது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஆத் மாட்யூல் இல்லாமல் ஓடுவதைவிட சர்வர் நின்றுகிடப்பதே மேல்.

சரி, காரணத்தை எங்கே தேடுவது? சைட்டின் எர்ரர் லாகில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், லோட்மாட்யூல் வரியைப் படிக்கும்போது அந்த லாக் இன்னும் திறக்கப்பட்டிருக்காது. கான்ஃபிக் டெஸ்ட்டைக் கையால் ஓட்டுங்கள், அல்லது சிஸ்டம்டி ஜர்னலை (லினக்ஸ் சர்வீஸ்களின் பொது லாக்) பாருங்கள். செய்தி நீளமாக இருக்கும், விஷயம் அதன் வால்பகுதியில்தான் இருக்கும்.

'நோ சச் ஃபைல்' என்று வந்தால், ஃபைல் இல்லை என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள், அந்த மாட்யூல் நம்பியிருக்கும் வேறொரு லைப்ரரி காணாமல் போயிருந்தாலும் இதே செய்திதான், லைப்ரரியின் பெயரும் அதிலேயே இருக்கும். மாட்யூல் நம்பியிருக்கும் லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி கமாண்டை ஓட்டினால் 'நாட் ஃபவுண்ட்' என்று காட்டிக்கொடுத்துவிடும். 'எக்ஸ்பெக்டட் சிக்னேச்சர் 41503234' என்று வந்து, கிடைத்தது 41503232 என்றிருந்தால், அபாச்சி 2.2-க்குக் கட்டிய மாட்யூலை 2.4-இல் ஏற்றப் பார்க்கிறீர்கள் (அந்த எண்கள் ஏபி24, ஏபி22 என்பதன் ஹெக்ஸ் வடிவம்). பழைய சர்வரிலிருந்து மாட்யூலின் எஸ்ஓ ஃபைலை அப்படியே காப்பி செய்வதால் வருவது இது, இப்போதைய பதிப்புக்கான பேக்கேஜைப் போடுங்கள் அல்லது அபாச்சி மாட்யூல் கட்டும் கருவியான ஏபிஎக்ஸ்எஸ் வைத்து மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

'பெர்மிஷன் டினைட்' என்றதும் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுப்பது இன்னொரு கெட்ட பழக்கம். ரெட்ஹேட் வகை சர்வர்களில் ஹோம் ஃபோல்டரிலிருந்து மூவ் செய்த ஃபைல் பழைய எஸ்ஈலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) லேபிளோடு வந்து நிற்கும், லேபிளைச் சரிசெய்யும் ரெஸ்டோர்கான் கமாண்ட் போதும், அதற்காக எஸ்ஈலினக்ஸையே அணைக்க வேண்டாம்.

எல்டாப் (பயனர் விவரங்களை ஒரே இடத்தில் வைக்கும் டைரக்டரி) ஆத் மாட்யூலுக்கு அடிப்படை எல்டாப் மாட்யூலும் வேண்டும். டெபியன், உபுண்டுவில் மாட்யூலை இயக்கும் ஏ2என்மாட் கமாண்ட் இரண்டையும் சேர்த்தே ஏற்றிவிடும், கையால் லோட்மாட்யூல் எழுதுகிறவர்கள்தான் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்.

எல்லாம் சரியானதும், லோட் ஆன மாட்யூல் பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள், பிறகு பாஸ்வேர்ட் கொடுக்காமல் அந்த ஃபோல்டரை கர்ல் கமாண்ட் மூலம் கேளுங்கள். 401 (பாஸ்வேர்ட் வேண்டும்) வர வேண்டும். 200 (திறந்துவிட்டது) வந்தால் இஃப்மாட்யூல் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று தேடத் தொடங்குங்கள்.