இழப்பைச் சந்தித்த இளையோரின் நம்பிக்கைக்குத் துணைநிற்பது எப்படி?

பேரிழப்பைக் கண்ட பிள்ளையிடம் எடுத்த எடுப்பிலேயே "எல்லாம் வினைப்பயன்" என்று சொல்லிவிடாதீர்கள். முதியவருக்கு ஆறுதலாகும் அச்சொல், பதினைந்து வயதில் தன்மீது சுமத்திய பழியாகவே கேட்கும். "கடவுள் ஏன் காப்பாற்றவில்லை?" என்று பிள்ளை கேட்டால், விடைகூற அவசரப்படாமல் செவிமடுங்கள். 1990களில் உளவியலாளர்களான டெடெஸ்கியும் கல்ஹூனும் விளக்கிய நெருக்கடிக்குப் பின்னான வளர்ச்சி, குலைந்த நம்பிக்கைகளை மீளக் கட்டும் இத்தகைய போராட்டத்திலிருந்தே பிறக்கிறது.

யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் திருவிழாவின் 25 நாட்களில் ஒருநாள் அம்மம்மாவுடன் கற்பூரச்சட்டி ஏந்தி வீதிவலம் வருவதோ, தேவாலயத்தில் மெழுகுதிரி ஏற்றுவதோ துயரத்தைத் தனிமையிலிருந்து வெளியே கொண்டுவரக்கூடும், பிள்ளை விரும்பினால் மட்டும். காணாமற்போன தந்தைக்குக் கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டி என்னும் இறந்தோருக்கான சடங்கைச் செய்யும்படி ஒருபோதும் வற்புறுத்தாதீர்கள். உடலைக் காணாதவருக்கு அது தந்தையைத் தானே கைவிடுவதாகத் தோன்றலாம்.

உறக்கமின்மை நீடித்தாலோ, சாக வேண்டும் என்று பிள்ளை சொன்னாலோ, கோயிலில் நூல் கட்டிய கையோடு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் உளநல மருத்துவரிடமும் உடனே அழைத்துச் செல்லுங்கள்.