அமேசானில் படகுப் பயணமா? தூளியை முதலில் வாங்குங்கள்

பிரேசிலின் மனாவுஸிலிருந்து பெலேம் வரை ஆற்றோடு போகும் பயணிகள் படகில் ஏறத்தாழ 4 நாட்கள் ஆகும். திறந்த தளங்களில் பெரும்பாலோர் தூளி (பெரியவர்கள் படுக்கும் தொங்கு படுக்கை) கட்டித்தான் தூங்குவார்கள். அதை நாமேதான் கொண்டுபோக வேண்டும். மனாவுஸ் துறைமுகத்தை ஒட்டிய கடைகளிலேயே கிடைக்கும். வலைத் தூளி வேண்டாம், கெட்டித் துணியில் வாங்குங்கள். ராத்திரி ஆற்றுக்காற்று நன்றாகவே குளிரும். கட்டக் கயிறும் மறக்காதீர்கள்.

படகு கிளம்பப் பல மணி நேரம் முன்பே போய்விடுங்கள். இன்ஜின், கழிவறை இரண்டுக்கும் தள்ளி இடம் பிடித்தால்தான் நிம்மதி.

அப்புறம், கரையோரக் காடும் வீடுகளும் பார்க்க ஆசையென்றால் எதிர்த்திசையில், பெலேமிலிருந்து கிளம்புங்கள். நாள் கூடும்தான். ஆனால் நீரோட்டத்தை எதிர்த்துப் போகும் படகுகள் நீரின் வேகம் குறைந்த கரையோரமாகவே போகும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.