மாடிப் பட்டறையில் எழுதாமல் விடும் கூலி

பேரணாம்பட்டில் வீட்டு மாடியில் நாலு தையல் மெஷின் போட்டு, ஆம்பூர் கம்பெனிகளுக்கு ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கத்தான் நான் ஆரம்பித்தேன். என்னைக் கவிழ்க்கப் பார்த்தது மெஷினுமில்லை, போட்டியுமில்லை. நான் சொன்ன ரேட்.

நூல், பசை, கரண்ட், வெளியாள் கூலி எல்லாம் கூட்டி, மேலே கொஞ்சம் வைத்து ஜோடிக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டேன். நூல் பிசிறை லைட்டரில் கருக்கியது மனைவி. இடது வலது பார்த்து ஜோடி கட்டியது அம்மா. டிவிஎஸ் எக்ஸெல்லில் கொண்டுபோய் இறக்கியது தம்பி. மூன்று பேருக்கும் கூலி பூஜ்யம். நாளுக்கு 200 ஜோடி வரை கையில் காசு நின்றது. 600 ஆனதும் அதே வேலைக்கு வெளியாள் வைத்தேன். ஒவ்வொரு ஜோடியிலும் நஷ்டம். ரேட் ஏற்றிக் கேட்டால், "போன மாசம் வரைக்கும் இதே ரேட்லதானே தெச்சீங்க?" என்றார் சூப்பர்வைசர். என்ன பதில் சொல்ல?

ஆகவே முதல் நாளிலிருந்தே வீட்டாள் கூலியையும் வெளியாள் ரேட்டிலேயே எழுதுங்கள். எழுதினால் போதாது, கையில் கொடுங்கள். தம்பிக்குக் கல்யாணமானதும், "இத்தனை வருஷம் உழைச்சதுக்கு என் பங்கு எங்கே?" என்ற பேச்சு வரும். வராத வீட்டை நான் பார்த்ததில்லை. அதற்குள் பங்குதாரர் பத்திரமோ சம்பளமோ, ஏதாவது ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்.

பணம் நிலுவையில் நிற்பது அடுத்த தலைவலி. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டுவட்டி. இதைக் கேட்க உத்யம் என்ற மத்திய அரசின் சிறு தொழில் பதிவு வேண்டும். பதிவு இலவசம்; பிரவுசிங் சென்டரில் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாறாதீர்கள். நேரடியாகச் சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் ஒரே கம்பெனியை நம்பி இருக்கக் கூடாது என்கிறேன். வெளிநாட்டு ஆர்டர் தள்ளிப்போனால் கம்பெனிகள் முதலில் நிறுத்துவது ஜாப் ஒர்க்கை, அதாவது நம்மைப்போல வெளியே கொடுத்துத் தைக்கும் வேலையைத்தான்.

வீட்டு கரண்டில் மெஷின் ஓட்டாதீர்கள். மாட்டினால் இரண்டு மடங்கு கட்டணம், எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்கு. தோல் வரும்போதும் போகும்போதும் டெலிவரி சலான் (சரக்கோடு போகும் சீட்டு) இருக்கட்டும். கடனுக்கு மாவட்டத் தொழில் மையம் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றானதிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் திருப்பத்தூர், எங்களுக்கு வேலூர்.

முதல் சனிக்கிழமை அம்மாவிடம் கூலியை நீட்டினேன். "எனக்கெதுக்குடா?" என்றார். அடுத்த சனிக்கிழமை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கூலி குறையுதே என்று கேட்டார்.