லோங்காங் (சாக்கடை) அடைச்சிருக்கா, விளக்கு எரியலையா? யார்கிட்ட சொல்லணும்னு பாருங்க

எங்க சுங்கை சிப்புட் காப்பிக்கடையில காலையில உட்கார்ந்தா இதே பேச்சுதான், லோங்காங் நாறுது, தெருவிளக்கு எரியல, இந்த டவுன்ஷிப்காரனுங்க என்னதான் பண்றானுங்கன்னு. அண்ணே, டவுன்ஷிப்னு ஒரு ஆபீஸே நம்ம மலேசியாவுல கிடையாதுண்ணே. டெவலப்பர் 'பண்டார் பாரு'ன்னு பெருசா போர்டு வெச்சிருப்பான், அது வெறும் பேருதான். வீட்டு கிரான்ல (நிலப் பட்டாவுல) பண்டார், பெக்கான், முக்கிம்னு போட்டிருக்குமே, அது நிலத்த பிரிச்ச கணக்கு. குப்பை, லோங்காங், தெருவிளக்குன்னு பாக்குறது 1976 உள்ளாட்சி சட்டத்துல வர்ற மாநகர் மன்றம், நகராண்மைக்கழகம், மாவட்ட மன்றம் இதுல ஏதாவது ஒண்ணு.

(அமெரிக்காவுல ஒஹாயோ பக்கம் டவுன்ஷிப்னா நெசமாவே ஒரு குட்டி அரசாங்கம்லா, 3 பேர ஓட்டு போட்டு உட்கார வெப்பாங்க. நமக்கு 1965ல நிறுத்துன உள்ளாட்சி தேர்தல் இன்னும் திரும்பல, கவுன்சிலருங்கள மாநில அரசுதான் நியமிக்குது.)

சரி, உங்க ஏரியா யாருதுன்னு கண்டுபிடிக்க சுக்காய் பிந்து (வீட்டு வரி) பில்ல எடுங்க, வருசத்துக்கு ரெண்டு தடவ கட்டுவோமே, பிப்ரவரி கடைசிக்குள்ள ஒண்ணு ஆகஸ்ட் கடைசிக்குள்ள ஒண்ணு, அது. மேல யார் பேரு இருக்கோ அவங்கதான் உங்களுக்கு பொறுப்பு. எங்களுக்கு சுங்கை சிப்புட்னு வராது, கோலகங்சார் நகராண்மைக்கழகம்னுதான் வரும். சுக்காய் தானா (நில வரி) பில்ல தூக்கிட்டு போயிடாதீங்க, அது நில அலுவலகத்துது.

ரோட்டுலதான் எல்லாரும் மாட்டிக்குவாங்க. தாமான் (குடியிருப்பு) உள்ள இருக்குற ரோடுன்னா கவுன்சில், ஆனா புது தாமான்னா டெவலப்பர் இன்னும் ஒப்படைக்காம இருப்பான், அப்ப அவனதான் புடிக்கணும். ஈப்போ போற பெரிய ரோடுன்னா ஜேகேஆர் (பொதுப்பணி இலாகா). நான் ஒரு பள்ளத்துக்காக ஒரு ஆபீஸ்ல அரை நாள் நின்னு கடைசில 'இது எங்க ரோடு இல்லீங்க'ன்னு கேட்டுட்டு வந்தவன், அதனாலதான் இவ்ளோ சொல்றேன்.

தோட்டத்து லயத்துல இருக்குறவங்க கதை வேற. அது கம்பெனி நிலம், கவுன்சில் லாரி உள்ள வரலன்னு அவங்கள திட்டி பிரயோஜனமில்ல. வீடு, தண்ணி, சுத்தம் எல்லாம் மேனேஜ்மெண்ட் பொறுப்பு, அதுக்கு 1990ல வந்த தொழிலாளர் வீட்டு வசதி சட்டமே இருக்கு. மொதல்ல ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) கிட்ட எழுத்துல குடுங்க, அசையலன்னா தொழிலாளர் இலாகாவுக்கு போங்க.

புகார் குடுக்குறப்ப விளக்கு கம்பத்துல இருக்குற நம்பர், ஜாலான் (தெரு) பேரு, பகல்ல எடுத்த போட்டோ, இது மூணும் வேணும். போன்ல சொன்னா காத்தோட போயிடும், அதனால புகார் நம்பர் கேட்டு வாங்காம எழுந்திரிக்காதீங்க, ரெண்டு வாரம் கழிச்சு அந்த நம்பர சொல்லி கேளுங்க, அதுக்கும் பதில் இல்லன்னா அதே நம்பரோட உங்க ஏரியா கவுன்சிலருக்கு வாட்சாப் போடுங்க.