அலுவலக வளாகத்திற்கும் கிளவுடிற்கும் இடையே டிஎன்எஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஜூரில், பெயர்களுக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சேவையின் முகவரியான 168.63.129.16, அதன் விர்ச்சுவல் நெட்வொர்க்கிற்குள் (கிளவுடில் நமக்கென அமைக்கும் தனி நெட்வொர்க்) இருக்கும் கணினிகளின் கேள்விகளுக்கு மட்டுமே பதில் தரும். ஆனால் அலுவலகத்தை அஜூருடன் சேர்க்கும் விபிஎன் அல்லது எக்ஸ்பிரஸ்ரூட் இணைப்பு சரியாக இயங்குவதைக் கண்டதும், அலுவலக டிஎன்எஸ் சர்வரிலிருந்து கேள்விகளை நேரே அந்த முகவரிக்கு அனுப்பும்படி பலர் அமைத்துவிடுகிறார்கள். மற்ற எல்லாப் போக்குவரத்தும் ஒழுங்காக நடக்க, பெயர்த் தேடல் மட்டும் பதிலின்றிப் போவதால், ஃபயர்வாலைச் சந்தேகித்தே நாள் கழிகிறது. அஜூரின் டிஎன்எஸ் பிரைவேட் ரிசால்வர் சேவையின் இன்பவுண்ட் எண்ட்பாயிண்ட் (வெளியிலிருந்து வரும் கேள்விகளை ஏற்கும் முனை) ஒன்றை நெட்வொர்க்கிற்குள் நிறுவி, அதன் முகவரிக்கே கேள்விகளை அனுப்ப வேண்டும். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸிலும் இதே நிலைதான். அங்குள்ள விர்ச்சுவல் நெட்வொர்க்கான விபிசியின் உள் ரிசால்வரை வெளியிலிருந்து நேரடியாகக் கேட்க முடியாது, அதன் டிஎன்எஸ் சேவையான ரூட் 53 ரிசால்வரின் இன்பவுண்ட் எண்ட்பாயிண்ட் வழியாகவே கேட்க வேண்டும்.

அடுத்த தவறு நுட்பமானது என்பதால் அதிகக் கவனம் கேட்கிறது. அஜூரின் கோப்புச் சேமிப்புச் சேவையான பிளாப் ஸ்டோரேஜுக்குப் பிரைவேட் எண்ட்பாயிண்ட் (நம் நெட்வொர்க்கிற்குள் அதற்கான தனி ஐபி) அமைத்தவர்கள், 'பிரைவேட்லிங்க்' என்ற சொல் அடங்கிய ஸோனை (பெயர்த் தொகுதியை) மட்டும் அலுவலக சர்வரில் கண்டிஷனல் ஃபார்வர்டராக, அதாவது அந்தப் பெயர்களுக்கான கேள்விகளை மட்டும் கிளவுடிற்கு அனுப்பும் விதியாக, சேர்க்கிறார்கள். செயலிகள் கேட்பதோ வழக்கமான பொதுப் பெயரை. அந்தக் கேள்வி இணையத்திற்குச் சென்று பொது ஐபியுடன் திரும்புகிறது, பொது அணுகல் மூடப்பட்டிருந்தால் ஸ்டோரேஜ் 403 (அனுமதி இல்லை) என்று மறுக்கிறது. பிளாப் சேவையின் பொது ஸோனையே ஃபார்வர்ட் செய்வதுதான் சரி. அப்போதும் ஒரு சிக்கல் மிஞ்சும்: வேறொரு நிறுவனத்தின் ஸ்டோரேஜுக்கும் அவர்கள் பக்கத்தில் பிரைவேட் எண்ட்பாயிண்ட் இருந்தால், நம்முடைய பிரைவேட் ஸோனில் அந்தப் பெயர் இல்லாததால் 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்ற பதில் வரும். விர்ச்சுவல் நெட்வொர்க் லிங்க்கில் இணையத்திற்குத் திரும்பும் வசதியை இயக்கினால் இது தீரும். இந்த வசதியைத் தொடக்கத்திலேயே பரிசீலிப்பது நல்லது என்பது என் கருத்து.

எதிர்த்திசையில், கூகுள் கிளவுட் அலுவலக சர்வரைக் கேட்கும்போது, கேள்வி 35.199.192.0/19 வரம்பிலிருந்து வரும். பதில் திரும்பும் வழியும் ஃபயர்வால் அனுமதியும் அந்த வரம்பிற்கு இல்லையென்றால் பதில் போய்ச் சேராது. டிஎன்எஸ் பயன்படுத்தும் போர்ட் 53-ஐ யுடிபி நெறிமுறைக்கு மட்டும் திறப்பதும் போதாது, பெரிய பதில்கள் டிசிபியில் வரும். ஒரே ஸோனை இரு பக்கமும் ஒன்றையொன்று நோக்கி ஃபார்வர்ட் செய்தால் கேள்வி சுழன்றுகொண்டே இருக்கும்.

திருத்தத்திற்குப் பின் இரு பக்கக் கணினிகளிலிருந்தும் பெயர்த் தேடல் கருவியான என்எஸ்லுக்அப் மூலம் சோதியுங்கள். 'பெயர் இல்லை' என்ற பதிலும் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) தங்கும் என்பதால், அலுவலக சர்வரின் கேஷை முதலில் நீக்கிவிடுங்கள்.