குளுக்கோஸ் அடக்குமுறை செய்யுமா? ரிப்ரெஷனைத் தமிழில் எழுதும் வழி

மொழிபெயர்ப்புதான் எனக்குச் சோறு போடுகிறது. அதில் நான் செய்த தவறுகளில் இன்றும் நினைத்தால் உடம்பு கூசுவது ஒரு வரி: "பாக்டீரியாவில் குளுக்கோஸ் நடத்தும் அடக்குமுறை". முந்தைய நாள் முழுக்க ஒரு சர்வாதிகார ஆட்சியைப் பற்றிய அறிக்கையோடு மல்லுக்கட்டியிருந்தேன். மறுநாள் நுண்ணுயிரியல் கட்டுரை. ரிப்ரெஷன் (repression) என்ற ஆங்கிலச் சொல் கண்ணில் பட்டதும் கை பழகிய சொல்லைப் போட்டுவிட்டது. பதிப்பாசிரியர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார்: "குளுக்கோஸ் எந்தக் கட்சி?"

அதற்கப்புறம் எனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டேன். இந்தச் சொல்லை வாசிப்பவர்களுக்கும் எழுதுபவர்களுக்கும் அது உதவலாம்.

முதலில், அகராதியை மூடிவையுங்கள். லத்தீனில் இதன் வேருக்குப் பொருள் திருப்பி அழுத்துவது, அவ்வளவுதான். உளவியல், அரசியல், உயிரியல் என்ற மூன்று துறைகளும் அந்த வேரை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. அகராதி தரும் அடக்கம், ஒடுக்கம், அடக்குமுறை, ஒடுக்குமுறை நான்கிலும் பள்ளம் இருக்கிறது. அடக்கம் என்றால் பணிவு, நல்லடக்கம் என்றால் புதைப்பது. ஒடுக்கம் என்றால் வேதியியல்காரருக்கு ஆக்சிஜனேற்றத்தின் எதிர்ப்பக்கம். ஒடுக்கற்பிரிவு என்றால் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவு. உயிரியல் பக்கத்தில் போய் "ஒடுக்கம்" என்று மொட்டையாக எழுதினால் வாசகர் வேறு பாடத்துக்குப் போய்விடுவார்.

அகராதிக்குப் பதிலாக இரண்டு கேள்விகள் கேளுங்கள். அழுத்துவது யார்? அழுத்துவது அவருக்கே தெரியுமா?

உளவியலில் விடை விசித்திரமானது: அழுத்துவதும் அவரே, அது தெரியாதவரும் அவரே. உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்ட் 1915இல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். அவர் பயன்படுத்திய ஜெர்மன் சொல் 'ஃபெர்ட்ரெங்குங்'. இடித்துத் தள்ளி அப்புறப்படுத்துவது என்ற சாயல் அதில் உண்டு. தாங்க முடியாத ஒரு ஆசையோ நினைவோ நனவிலிக்குள், அதாவது நமக்கே தெரியாத மனப்பகுதிக்குள், தள்ளப்படுகிறது. தள்ளிய கையும் மறைந்துவிடுகிறது. தெரிந்தே மென்று விழுங்குவதற்கு வேறு பெயர், சப்ரெஷன். மேலதிகாரி திட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறோமே, அது சப்ரெஷன்தான். என் தொடக்கக் காலக் கட்டுரை ஒன்றில் "அவர் அந்த நினைவை அடக்கிக்கொண்டார்" என்று எழுதிவைத்தேன். அடக்கிக்கொண்டார் என்றதுமே தெரிந்து செய்தார் என்றாகிவிட்டது. அந்த ஒரு வினைமுற்று ஃப்ராய்டின் வாதத்தையே கவிழ்த்துவிட்டது.

இந்த இடத்தில் தமிழ் நமக்கு ஒரு கருவி தருகிறது. அடங்கு-அடக்கு, ஒடுங்கு-ஒடுக்கு, அமிழ்-அமிழ்த்து என்று தன்வினையும் பிறவினையும் ஜோடியாகவே கிடக்கின்றன. உளவியல் ரிப்ரெஷனுக்குத் தன்வினையை எடுங்கள். "அந்த நினைவு நனவிலிக்குள் அமிழ்ந்துபோனது" என்றால் செய்தவர் யார் என்ற கேள்வியே எழாது. வேண்டியதும் அதுதான். பெயர்ச்சொல்லாகவே வேண்டும் என்றால் 'நனவிலி ஒடுக்கம்' என்று அடைமொழியோடு எழுதுகிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. இப்படி அமிழ்ந்த நினைவு பல வருடம் கழித்து அப்படியே மேலே வரும் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை அல்ல. 1990களில் இதன் மேல் பெரிய சண்டையே நடந்தது. நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில் 24 பேர் பங்கேற்றார்கள். சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக, நடக்காத ஒரு சம்பவத்தைக் குடும்பத்தார் சொன்ன உண்மைச் சம்பவங்களோடு கலந்து கொடுத்தார்கள். ஏறக்குறைய கால்வாசிப் பேர் அதை முழுதாகவோ பாதியாகவோ நினைவுகூர்ந்தார்கள்! எனவே இந்தப் பகுதியில் "என்று ஃப்ராய்ட் கருதினார்" என்பதை மூலம் வைத்திருந்தால் நீங்களும் வையுங்கள். வாக்கியம் நீளுகிறதே என்று வெட்டாதீர்கள்.

அரசியலில் கதை நேர் எதிர். அழுத்துபவருக்கும் தெரியும், அழுத்தப்படுபவருக்கும் தெரியும். பார்த்துக்கொண்டிருப்பவர்களும் தெரிந்து பயப்பட வேண்டும் என்பதே பாதி நோக்கம். 'முறை' என்ற ஒட்டு இங்கேதான் பொருந்துகிறது. திட்டம் போட்டுச் செய்வது என்ற பொருளை அது கொண்டுவருகிறது. என் குளுக்கோஸ் வரி கோமாளித்தனமானதும் அந்த ஒட்டால்தான். அடக்குமுறையா, ஒடுக்குமுறையா? ஒடுக்கப்பட்டோர் என்று சொல்லும்போது நம் மனத்தில் வருவது சாதி, பாலினம் போன்ற தலைமுறை தலைமுறையான அமைப்பு. அது அப்ரெஷன். எதிர்ப்பவர்களை அரசு கைது, தடை, தணிக்கை, கண்காணிப்பு என்று நசுக்குவது ரிப்ரெஷன். அதற்கு அடக்குமுறை என்றே எழுதுகிறேன்.

இங்கே தன்வினையும் கூடாது, செய்தவரை மறைக்கும் செயப்பாட்டுவினையும் கூடாது. செய்தி எழுதும் பழக்கத்தில் "அடக்குமுறை கட்டவிழ்த்துவிடப்பட்டது" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். யார் கட்டவிழ்த்தார்கள்? எந்தச் சட்டத்தின் கீழ்? எத்தனை பேர் உள்ளே போனார்கள்? மூலத்தில் எழுவாய் இருந்தால் தமிழிலும் இருக்கட்டும். ரஷ்ய மொழியில் இந்தச் சொல் பன்மையில் வந்தால் பெரும்பாலும் ஸ்டாலின் காலத்துக் கைதுகளையும் மரண தண்டனைகளையுமே குறிக்கும். 1937-38இல் மட்டும் சுட்டுக்கொல்லப்பட்டவர்கள் அரசு ஆவணங்களின்படியே ஏறக்குறைய 6,80,000 பேர். ரஷ்யாவில் அக்டோபர் 30 அவர்களுக்கான நினைவு நாள். அப்படிப்பட்ட இடத்தில் "அடக்குமுறைகள்" என்று எழுதிக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. "கைதுகளும் கொலைகளும்" என்று விரித்துவிடுகிறேன்.

சரி, உயிரியல். இங்கே தெரிந்துகொள்ள யாருமே இல்லை. 1961இல் பிரெஞ்சு உயிரியலாளர்கள் ஃபிரான்சுவா ஜேக்கப்பும் ஜாக் மோனோவும் முன்வைத்து, பின்னால் வந்த ஆய்வுகள் நிறைவுசெய்த படம் இது: ஈ.கோலை பாக்டீரியாவில் லாக்டோஸைச் செரிக்கும் நொதிகளுக்கான மரபணுக்களுக்கு முன்னால் ஒரு அடக்கிப் புரதம் டி.என்.ஏ.வில் உட்கார்ந்திருக்கிறது. அது இருக்கும்வரை மரபணு படியெடுக்கப்படாது, அதாவது நொதி உருவாகாது. லாக்டோஸ் உள்ளே வந்தால், அதிலிருந்து உருவாகும் அல்லோலாக்டோஸ் அந்தப் புரதத்தில் ஒட்டுகிறது. புரதத்தின் வடிவம் மாறி, பிடி நழுவுகிறது. டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தை உருவாக்கும் மரபணுக்களில் இது தலைகீழ். அங்கே டிரிப்டோபான் தாராளமாக இருந்து, அடக்கியோடு சேர்ந்தால்தான் அது டி.என்.ஏ.வைப் பிடிக்கும். ஆகவே "அடக்கியோடு ஒரு மூலக்கூறு சேர்ந்தது" என்று படித்ததும் மரபணு திறந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள், எந்த மரபணு என்று பாருங்கள். இன்ஹிபிஷனோடும் குழப்பக் கூடாது. ரிப்ரெஷன் நொதி உருவாவதையே நிறுத்துவது, இன்ஹிபிஷன் உருவாகிவிட்ட நொதியின் கையைக் கட்டுவது. 'மரபணு அடக்கம்', 'நொதித் தடுப்பு' என்று நான் பிரித்துவைத்திருக்கிறேன்.

என் பழைய குளுக்கோஸ் விஷயத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. கேட்டபொலைட் ரிப்ரெஷன் என்ற அந்த நிகழ்வில், ஈ.கோலையின் லாக்டோஸ் மரபணுக்களைப் பொறுத்தவரை, குளுக்கோஸ் நேராக வந்து எந்த மரபணுவையும் அழுத்துவதில்லை. குளுக்கோஸ் இருக்கும்போது செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞை மூலக்கூறு குறைகிறது. மரபணுவை ஊக்கப்படுத்தும் புரதத்துக்கு அது வேண்டும், போதுமான அளவு கிடைப்பதில்லை. ஊக்கம் இல்லாத சோர்வுக்குப் போய் ரிப்ரெஷன் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த சைக்ளிக் ஏ.எம்.பி. பற்றி மோனோவோடு ஆராய்ந்தவர் அக்னெஸ் உல்மன். 1956 ஹங்கேரி எழுச்சியில் பங்கேற்றவர். 1960இல் மோனோவின் உதவியோடுதான் நாட்டைவிட்டு வெளியேறினார். அவரைப் பற்றிய குறிப்பை மொழிபெயர்த்தபோது ஒரே பத்தியில் ரிப்ரெஷன் இரண்டு பொருளில் வந்தது. நான் எழுதியது: "சோவியத் படைகள் எழுச்சியை நசுக்கிய பிறகு தொடர்ந்த அடக்குமுறையிலிருந்து தப்பி பாரிஸ் வந்தவர், குளுக்கோஸ் இருக்கையில் பாக்டீரியாவின் சில மரபணுக்கள் ஏன் அடங்கிக் கிடக்கின்றன என்று ஆராய்ந்தார்." ஆசிரியர் இந்த முறை ஓரத்தில் எதுவும் எழுதவில்லை.