இணையத்துக்கு ஓர் உலக வரைபடம்: தரவை எடுப்பது முதல் பக்கத்தில் ஏற்றுவது வரை

நாடுவாரியான ஒரு புள்ளிவிவரத்தை எடுத்து, அளவுக்கு ஏற்ப நிறம் கொடுத்து, உலாவியில் திறக்கும் வரைபடமாக்குவது இணைய வரைபடவியலின் அரிச்சுவடி. புவியியலில் இதைக் கோரோபிளெத் வரைபடம் என்பார்கள். மென்பொருள் பழகிவிட்டால் அரை நாள் வேலைதான். ஆனால் மென்பொருள் தானாகத் தேர்ந்து வைத்திருக்கும் அமைப்புகளை அப்படியே விட்டுவிட்டால், பார்க்க அழகாகவும் படிக்கத் தவறாகவும் ஒரு படம் வந்து நிற்கும். எந்த இடத்தில் முடிவு உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எடுத்துக்காட்டாக, ஒவ்வொரு நாட்டிலும் மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் பேர் இணையம் பயன்படுத்துகிறார்கள் என்பதை வரைவோம்.

படி 1: தேவையானவை

வரைபடம் உருவாக்கும் க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். நீண்டகால ஆதரவுப் பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். நாட்டு எல்லைகளுக்கு நேச்சுரல் எர்த் என்ற இலவச வரைபடத் தரவுத் தளத்தின் 1:50 மில்லியன் அளவுக் கோப்பை இறக்குங்கள். 1:110 மில்லியன் கோப்பு சிறியது என்பதால் பலர் அதை எடுக்கிறார்கள். அதில் சிங்கப்பூர், மாலத்தீவு போன்ற சிறிய நாடுகளே கிடையாது. நேச்சுரல் எர்த் எல்லைகள் களத்தில் யார் கட்டுப்பாட்டில் எது இருக்கிறதோ அதன்படி வரையப்பட்டவை. சர்ச்சைக்குரிய எல்லைகளை ஒரு குறிப்பிட்ட நாட்டின் நிலைப்பாட்டின்படி காட்ட வேண்டுமென்றால், 1:10 மில்லியன் அளவில் அதற்கென்று தனிக் கோப்புகள் அதே தளத்தில் உண்டு. எந்த நாட்டில் வெளியிடுகிறீர்கள், அங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு இதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

புள்ளிவிவரத்தை உலக வங்கியின் தரவுத் தளத்திலிருந்து சிஎஸ்வி வடிவில் (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை) எடுக்கலாம். ஜிப் கோப்பைப் பிரித்தால் மூன்று கோப்புகள் இருக்கும். ஏபிஐ என்று பெயர் தொடங்குவதுதான் நமக்கு வேண்டியது. மற்ற இரண்டும் விளக்கக் குறிப்புகள்.

படி 2: தரவை உள்ளே கொண்டுவருதல்

எல்லைக் கோப்பை இழுத்துப் போட்டாலே திறந்துவிடும். சிஎஸ்வியை அப்படிப் போடக் கூடாது. அதன் முதல் 4 வரிகளில் தரவு மூலம், புதுப்பித்த தேதி போன்றவை இருக்கின்றன. நெடுவரிசைத் தலைப்பு 5-ஆவது வரியில்தான் வருகிறது. ஆகவே 'லேயர்' பட்டியலில் 'ஆட் டெலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர்' வழியாகச் செல்லுங்கள். விட்டுவிட வேண்டிய தொடக்க வரிகள் என்ற இடத்தில் 4 என்று கொடுங்கள். வடிவவியல் பகுதியில் 'நோ ஜியாமெட்ரி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே முன்னோட்டத்தில் நாட்டுப் பெயர், நாட்டுக் குறியீடு, 1960, 1961 என்று தலைப்புகள் சரியாகத் தெரிந்தால் 'ஆட்' அழுத்தலாம்.

அடுத்து, எந்த ஆண்டு? கடைசி நெடுவரிசை பெரும்பாலும் பாதி காலியாக இருக்கும், ஏனென்றால் எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில் கணக்கை அனுப்புவதில்லை. மிகப் பெரும்பாலான நாடுகளுக்கு மதிப்பு இருக்கும் அண்மை ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். காலியிடங்களை வேறு ஆண்டின் எண்ணால் நிரப்பினால், அதை வரைபடத்திலேயே சொல்லியாக வேண்டும்.

படி 3: இரண்டையும் இணைத்தல்

தொடக்கநிலையில் அதிகம் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான். நாட்டுப் பெயரை வைத்து இணைக்காதீர்கள். ஒரு கோப்பில் எகிப்து என்று மட்டும் இருக்கும், இன்னொன்றில் எகிப்து அரபுக் குடியரசு என்று இருக்கும். நாடுகளுக்கான பன்னாட்டுத் தரக் குறியீடான மூன்றெழுத்து ஐஎஸ்ஓ குறியீட்டைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. நேச்சுரல் எர்த் கோப்பில் 'ஐஎஸ்ஓ_ஏ3' என்ற நெடுவரிசையில் பிரான்சுக்கும் நார்வேக்கும் குறியீட்டுக்குப் பதிலாக -99 என்று இருக்கும். கடல்கடந்த பகுதிகளையும் தாய்நாட்டையும் எப்படிப் பிரித்துக் கணக்கிடுவது என்ற சிக்கலால் வந்தது அது. அந்த நெடுவரிசையை நம்பி இணைத்தால் ஐரோப்பாவில் இரண்டு பெரிய ஓட்டைகள் விழும். 'ஐஎஸ்ஓ_ஏ3_இஎச்' என்ற நெடுவரிசையை எடுத்தால் இந்த இரண்டும் சரியாகிவிடும்.

எல்லை லேயரின் (வரைபட அடுக்கின்) பண்புகளைத் திறந்து, 'ஜாயின்ஸ்' பகுதியில் பச்சைக் கூட்டல் குறியை அழுத்துங்கள். இணைக்கும் லேயர் உங்கள் சிஎஸ்வி. அதன் பக்கம் நாட்டுக் குறியீடு நெடுவரிசை, எல்லையின் பக்கம் மேலே சொன்ன நெடுவரிசை. தேவையான ஒரே ஓர் ஆண்டை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு பண்புக்கூறு அட்டவணையைத் திறந்து, இணைந்த நெடுவரிசையின்படி வரிசைப்படுத்துங்கள். காலியாக இருக்கும் ஒவ்வொரு நாட்டையும் பார்த்துக் கேளுங்கள்: உண்மையிலேயே தரவு இல்லையா, அல்லது குறியீடு பொருந்தவில்லையா? கொசோவோவுக்கு ஐஎஸ்ஓ குறியீடு இல்லாததால் உலக வங்கி தனியாக ஒன்றை வைத்திருக்கிறது. அதைக் கையால்தான் பொருத்த வேண்டும். உலகம், யூரோ மண்டலம் போன்ற தொகுப்பு வரிகள் சிஎஸ்வியில் இருப்பது பற்றிக் கவலை வேண்டாம். அவை எதனுடனும் இணையாது.

படி 4: எண்ணிக்கையா, விகிதமா?

பரப்பு முழுவதையும் நிறத்தால் நிரப்பும் வரைபடத்துக்கு விகிதம்தான் பொருந்தும். மொத்த இணையப் பயனர் எண்ணிக்கையைப் போட்டால் சீனாவும் இந்தியாவும் கருமையாகத் தெரியும். அதில் வெளிப்படுவது மக்கள்தொகைதான். எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் நிறத்தை விட்டுவிட்டு, அளவுக்கு ஏற்ற வட்டங்களை வரையுங்கள்.

படி 5: வகுப்புகளைப் பிரித்தல்

எல்லை லேயரின் பண்புகளில் 'சிம்பாலஜி' பகுதிக்குச் சென்று 'கிராஜுவேட்டட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மதிப்புப் பட்டியலில் உங்கள் ஆண்டு தெரியவில்லை என்றால் அது எழுத்தாகப் படிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 'ரீஃபாக்டர் ஃபீல்ட்ஸ்' கருவியால் அதைத் தசம எண்ணாக மாற்றுங்கள்.

1960-களில் ஹோவர்ட் ஃபிஷர் உருவாக்கிய சைமேப் என்ற கணினி வரைபட நிரல், அச்சுப்பொறியில் எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து அடர்வைக் காட்டியது. எத்தனை படிகள், எங்கே வெட்டுவது என்ற கேள்வி அன்றைக்கும் இருந்தது, திரையிலும் மாறவில்லை. 5 வகுப்புகள் நல்ல தொடக்கம். 7-க்கு மேல் போனால் நிறங்களை விளக்கப்பட்டியலோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கக் கண் திணறும்.

'ஈக்வல் கவுண்ட்' முறை ஒவ்வொரு வகுப்பிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் நாடுகளை வைக்கும். படம் சமச்சீராகத் தெரியும். ஆனால் 79.8 சதவீதமும் 80.1 சதவீதமும் வேறு வேறு நிறத்தில் விழலாம், 80.1-உம் 90-உம் ஒரே நிறத்தில் விழலாம். ஜென்க்ஸின் இயற்கை முறிவு முறை, எண்கள் தாமாகக் கூட்டம் சேரும் இடங்களுக்கு இடையே வெட்டும். ஒற்றை வரைபடத்துக்கு நல்லது. இரண்டு ஆண்டுகளை ஒப்பிட வேண்டுமென்றால் வேண்டவே வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் வெட்டும் இடம் மாறிவிடும். நம் தரவு சதவீதம் என்பதால் 0, 20, 40, 60, 80, 100 என்று நீங்களே எல்லைகளைத் தட்டச்சு செய்வதுதான் சிறந்தது. படிப்பவர் விளக்கப்பட்டியலை ஒருமுறை பார்த்தாலே மனதில் நிற்கும்.

நிறத்துக்கு, வரைபடவியலாளர் சிந்தியா ப்ரூவர் வரைபடங்களுக்கென்று தொகுத்த கலர்ப்ரூவர் நிற வரிசைகள் க்யூஜிஐஎஸ்ஸிலேயே இருக்கின்றன. குறைவிலிருந்து மிகுதிக்குச் செல்லும் ஒற்றை நிற வரிசையை எடுங்கள். இரு பக்கமும் பிரியும் சிவப்பு-நீலம் போன்றவை, நடுவில் பொருளுள்ள ஒரு புள்ளி இருந்தால் மட்டுமே. பிறகு 'வியூ' பட்டியலில் 'ப்ரிவியூ மோட்' சென்று, நிறக்குருடு உள்ளவருக்கு எப்படித் தெரியும் என்று பார்த்துவிடுங்கள்.

படி 6: தரவு இல்லாத நாடுகள்

'கிராஜுவேட்டட்' முறையில் மதிப்பு இல்லாத நாடு வரையப்படவே மாட்டாது. வெள்ளைப் பின்னணியில் அது கடலோடு கலந்துவிடும். நிலமே இல்லாததுபோல் தோன்றும். எல்லை லேயரைப் பிரதியெடுத்து அடியில் வைத்து, முழுவதும் இளஞ்சாம்பல் நிறம் கொடுங்கள். மேல் லேயரில் விடுபட்ட நாடுகள் சாம்பலாகத் தெரியும். விளக்கப்பட்டியலில் அதற்கு எதிரே 'தரவு இல்லை' என்று எழுதுங்கள். வெளிறிய முதல் வகுப்பு நிறமும் இந்தச் சாம்பலும் ஒன்றுபோல் இருக்கக் கூடாது. பூச்சியம் வேறு, தெரியாதது வேறு.

படி 7: புராஜெக்‌ஷன்

உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டும் முறைதான் புராஜெக்‌ஷன். இணைய வரைபடங்களில் வழக்கமாகப் பார்ப்பது வெப் மெர்கேட்டர். 2005-இல் கூகுள் மேப்ஸ் அதை எடுத்துக்கொண்ட பிறகு எங்கும் பரவியது. உலகம் ஒரே சதுரமாகிவிடுவதால் 256 பிக்சல் துண்டுகளாக வெட்ட வசதி. ஒவ்வொரு பெரிதாக்கல் படியிலும் ஒரு துண்டு நான்காகும். துருவம் முடிவிலிக்குப் போய்விடும் என்பதால் 85.05 டிகிரியில் வெட்டிவிடுகிறார்கள். தெருவைத் தேட இது நல்ல ஏற்பாடு.

நிற அடர்வு வரைபடத்துக்கு இதுவே கேடு. 60 டிகிரி அட்சரேகையில் நீளம் 2 மடங்கும், பரப்பு 4 மடங்கும் பெரிதாகும். ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல ஏறக்குறைய 14 மடங்கு பெரியது. மெர்கேட்டரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவாகத் தெரியும். கிரீன்லாந்தின் நிறம் ஒரு கண்டத்துக்குச் சமமாகப் பார்வையை இழுத்துவிடும்.

க்யூஜிஐஎஸ்ஸின் வலது கீழ் மூலையில் இருக்கும் குறியீட்டை அழுத்தி, 'ஈக்வல் எர்த்' என்று தேடி, இபிஎஸ்ஜி:8857 என்ற அடையாள எண்ணைத் தேர்ந்தெடுங்கள். 2018-இல் வெளியான இந்தப் புராஜெக்‌ஷன் பரப்பைச் சரியாகக் காட்டும்; கண்ணுக்கும் இதமாக இருக்கும். பசிபிக்கை நடுவில் வைக்கும் 8859-க்கு மாறினால் படத்தின் குறுக்கே நீண்ட கோடுகள் ஓடலாம். புதிய விளிம்பைத் தாண்டும் நாடுகள் வெட்டப்படாமல் இரு ஓரங்களுக்கும் இழுபடுவதே காரணம்.

படி 8: வெளியே எடுத்தல்

தொட்டால் எண் தெரிய வேண்டும் என்ற தேவை இல்லாவிட்டால் படமாகவே வெளியிடுங்கள். அதுதான் எந்தக் கருவியிலும் உடையாது. 'நியூ பிரிண்ட் லேஅவுட்' திறந்து, வரைபடம், விளக்கப்பட்டியல், தலைப்பு சேர்த்து எஸ்விஜி (பெரிதாக்கினாலும் மங்காத கோட்டுப் படம்) ஆக ஏற்றுமதி செய்யுங்கள். பிக்சல் படமான பிஎன்ஜி என்றால் 150 டிபிஐ (அங்குலத்துக்கு 150 பிக்சல்) போதும். கிடைமட்டமாக வைத்த ஏ4 தாளின் அகலத்தில் அது 1754 பிக்சல்.

ஊடாடும் வரைபடம் வேண்டுமென்றால் முதலில் படி 3-இல் செய்த இணைப்பைக் கோப்பிலேயே நிலையாக்குங்கள். லேயரில் வலது சொடுக்கி ஜியோஜேசனாக (இணையத்தில் பயன்படும் எழுத்துவடிவ வரைபடக் கோப்பு) சேமியுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவரிசைகளில் பெயர், குறியீடு, மதிப்பு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதே சாளரத்தில் ஆயத்தொலைத் துல்லியம் 15 தசம இடங்கள் என்று இருக்கும். அதை 2 ஆக்குங்கள். 0.01 டிகிரி நிலநடுக்கோட்டில் சுமார் 1.1 கிலோமீட்டர். 1000 பிக்சல் அகல உலகப் படத்தில் ஒரு பிக்சலே சுமார் 40 கிலோமீட்டர். கூடுதல் தசமங்கள் கோப்பை வீங்க வைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

இன்னும் சுருக்க மேப்ஷேப்பர் தளத்தில் கோப்பைப் போட்டு எளிமையாக்குங்கள். பொது எல்லைகளை அது ஒரே கோடாகக் கருதுவதால் அண்டை நாடுகளுக்கு இடையே விரிசல் விழாது. வடிவங்கள் மறைவதைத் தடுக்கும் பெட்டியில் குறியிட மறந்தால் தீவு நாடுகள் காணாமல் போகும்.

பின்னர் 'க்யூஜிஐஎஸ்2வெப்' நீட்சியை நிறுவி, இணைய வரைபட நிரல் தொகுப்பான லீஃப்லெட்டைத் தேர்ந்து ஏற்றுமதி செய்யுங்கள். அது தரும் கோப்புறை நேரடியாகத் திறக்கும். நீங்களே நிரல் எழுதி ஜியோஜேசனை ஏற்றும்போது பக்கம் வெறுமையாக வந்தால், உலாவி பாதுகாப்புக் காரணத்துக்காக கணினி வட்டிலிருந்து கோப்பைப் படிக்க மறுக்கிறது என்று பொருள். பைத்தானில் உள்ளமைந்த சிறு சர்வரை ஓட்டினால் தீரும். புள்ளிகள் கடலில் விழுந்தால் அட்ச தீர்க்க வரிசையைப் பாருங்கள். ஜியோஜேசனில் தீர்க்கரேகை முதலில். லீஃப்லெட்டில் அட்சரேகை முதலில்.

படி 9: ஏற்றுதல்

இணையப் பக்கத்தை ஏற்றிவைக்க கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடம் போதும். உங்கள் கணினியில் ஓடியது அங்கே ஓடவில்லை என்றால் கோப்புப் பெயர்களில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைச் சரிபாருங்கள். விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது, சர்வர் பொருட்படுத்தும். உலக வங்கித் தரவுக்கு நன்றிக் குறிப்பு கட்டாயம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வரைபடத்தைப் பின்னணியாக வைத்தால் அதற்கும். நேச்சுரல் எர்த் கேட்பதில்லை, ஆனாலும் போடுங்கள். எந்த ஆண்டின் தரவு, எந்த நாளில் இறக்கியது என்பதையும் வரைபடத்தின் அடியிலேயே எழுதுங்கள். படம் பகிரப்படும்போது சுற்றியுள்ள பக்கம் கூடவே போவதில்லை.